பினாங்கிலிருந்து வந்த கிட்டாரை வாங்கலாமா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். தேவகோட்டைத் தம்பி ஒருவர் 45,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறார். திருவிழா மேடைகளில் மெல்லிசைக் குழுவோடு வாசிக்க அவருக்கு ஓர் எலக்ட்ரிக் கிட்டார் வேண்டும். பழையதாக மூன்று அகப்பட்டிருக்கின்றன. முதலாவது, பினாங்கிலிருந்து திரும்பிவந்த அவருடைய அம்மான் பள்ளத்தூர் வீட்டில் வைத்திருக்கும் ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர். தலைப்பகுதியில் எம்.என்.5 என்று தொடங்கும் எண் இருக்கிறது. அம்மான் 40,000 கேட்கிறார். இரண்டாவது, காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடை ஒன்றில் தொங்கும் ஜப்பான் கிட்டார். அமெரிக்கக் கிப்சன் நிறுவனத்தின் லெஸ் பால் மாடலின் வடிவம், 1970களில் செய்தது, 18,000 ரூபாய். மூன்றாவது, சென்னையில் ஒருவர் விற்கும் 1979ஆம் ஆண்டு ஃபெண்டர். அதன் விலை தம்பியின் சேமிப்பைப்போல் பல மடங்கு. "பழையதுதான் உயர்ந்தது, கடன் வாங்கியாவது வாங்கு" என்று நண்பர்கள் சொல்கிறார்களாம். எந்தக் காலத்துக் கிட்டார் தரமானது, எதை வாங்கலாம் என்று கேட்கிறார்.

தம்பி, சென்னைக் கிட்டாரை விட்டுவிடுங்கள். கடன் வாங்கி அதை வாங்கவே வேண்டாம். அம்மானுடையதை ஒரு பகல்பொழுதில் நிதானமாகப் போய்ப் பாருங்கள். கழுத்து, அதாவது தந்திகள் ஓடும் நீண்ட மரப்பகுதி, சரியாக இருந்தால் அதுவே உங்களுக்குப் போதும். கடையில் தொங்குவது விலை பாதிக்கும் கீழே இறங்கினால் மட்டும் பார்க்கலாம். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்கினால்தான் அடுத்த முறை நீங்களே முடிவெடுக்க முடியும்.

பழையதுதான் உயர்ந்தது என்ற நினைப்பு நம் ஊரில் பிறந்தவர்களுக்கு எளிதில் வரும். பர்மாத் தேக்குத் தூணைத் தொட்டுக்கொண்டே வளர்ந்தவர்கள் நாம். இன்று மரக்கடையில் கிடைக்கும் தேக்கு அதன் பக்கத்தில் நிற்காது என்பதும் உண்மை. ஆனால் எலக்ட்ரிக் கிட்டார் தொடக்கத்திலிருந்தே தொழிற்சாலைப் பொருள். ஒரு பத்தாண்டில் ஆலை யார் கையில் இருந்தது, என்ன இயந்திரம் ஓடியது, எதில் செலவைக் குறைத்தார்கள் என்பதைப் பொறுத்துத் தரம் ஏறியும் இறங்கியும் வந்திருக்கிறது. தூணுக்குச் செல்லும் கணக்கு இங்கே செல்லாது.

ஃபெண்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். லியோ ஃபெண்டர் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் 1950இல் ஒற்றைப் பலகை கிட்டாரைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். மறு ஆண்டு அதற்கு டெலிகாஸ்டர் என்று பெயர் வந்தது. ஸ்ட்ராட்டோகாஸ்டர் 1954இல் வந்தது. 1965 ஜனவரியில் நிறுவனத்தை சி.பி.எஸ். என்ற அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனம் 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு வாங்கியது. அன்றைக்கே தரம் விழுந்துவிடவில்லை. 1966இல் செய்தவற்றில் அருமையானவை உண்டு. எண்ணிக்கையைக் கூட்டக் கூட்ட வேலையின் நேர்த்தி மெல்லக் குறைந்தது. மெல்லிய நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் போய், கண்ணாடிபோலத் தடித்த பாலியஸ்டர் பூச்சு வந்தது. 1971இல் ஸ்ட்ராட்டோகாஸ்டரின் கழுத்தை உடலோடு பிணைத்த நான்கு திருகுகள் மூன்றாயின. மூன்று திருகினால் மட்டும் கேடு வந்துவிடாது. கழுத்து உட்காரும் பள்ளத்தைத் தளர்வாகக் கடைந்துவிட்டு மூன்று திருகில் நிறுத்தியதுதான் கேடு. அப்படிப்பட்ட கிட்டாரில் கழுத்தைப் பக்கவாட்டில் லேசாகத் தள்ளினாலே முதல் தந்தி விளிம்பை விட்டு நழுவும்.

1979 அந்தக் காலத்தின் கடைசிப் பகுதி. அந்த ஆண்டுகளின் கிட்டார் ஒன்றை முத்துமாரியம்மன் மாசி–பங்குனித் திருவிழாவில் ஓர் இரவு முழுக்க நான் வாசித்திருக்கிறேன். ஆஷ் மரம், நான்கரை கிலோவுக்குக் குறையாது. ஒலி வெளிச்சமாக, கூர்மையாக இருந்தது. அதை மறுக்க மாட்டேன். மூன்றாவது மணி நேரத்தில் இடது தோள் மரத்துப்போனது, மூன்று பாட்டுக்கு ஒருமுறை சுருதி சேர்க்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டுகளிலும் நல்ல கிட்டார்கள் உண்டு. ஆனால் அதற்கு இன்று கேட்கும் விலை சேகரிப்பவர்களுக்கான விலை. மேடை ஏறிச் சம்பாதிக்க வேண்டிய ஒருவர் அதை ஏன் சுமக்க வேண்டும்? அதிலும், ஆண்டு உண்மையா என்று பார்க்க உள்ளே திறக்க வேண்டும். வால்யூம் குமிழுக்கு அடியில் இருக்கும் பாகத்தின் முதுகில் ஓர் எண் அச்சிட்டிருக்கும். 1377920 என்று இருந்தால், 137 என்பது அந்தப் பாகத்தைச் செய்த சி.டி.எஸ். நிறுவனத்தைக் குறிக்கும், 79 ஆண்டு, 20 வாரம். தலையில் 1979 என்று சொல்லி உள்ளே 1988ஆம் ஆண்டுப் பாகம் இருந்தால், ஏதோ மாறியிருக்கிறது என்று பொருள்.

கிப்சனின் கதையும் ஏறக்குறைய இதே வளைவுதான். லெஸ் பால் 1952இல் வந்தது. தந்தியின் அதிர்வை மின்குறியாக்கும் பாகம்தான் பிக்கப்; அதில் இரட்டைச் சுருள் கொண்ட ஹம்பக்கர் வகை 1957இல் லெஸ் பாலில் ஏறியது. 1958 முதல் 1960 வரை செய்த சன்பர்ஸ்ட் கிட்டார்கள்தான் இன்று வீட்டு விலைக்குப் போகின்றன. 1969இல் நிறுவனம் கைமாறி, பின்னர் நார்லின் என்ற பெயருக்குக் கீழ் வந்தது. பல அடுக்குகளாக ஒட்டிய உடலும், மூன்று துண்டு மேப்பிள் கழுத்தும், தலை தொடங்கும் இடத்தில் பின்புறம் ஒரு புடைப்பும் அந்தக் காலத்தின் அடையாளங்கள். அந்தப் புடைப்பைப் பலர் இகழ்வார்கள். எனக்கு அது நியாயமானதாகவே படுகிறது. கிப்சனின் சாய்ந்த தலை கீழே விழுந்தால் உடைவது சரியாக அந்த இடத்தில்தான். 1984இல் காலமசூ ஆலை மூடப்பட்டது, 1986இல் நிறுவனம் மறுபடி கைமாறியது, பிறகு தரம் எழுந்தது.

இந்த இரண்டு பெரிய நிறுவனங்களும் தளர்ந்திருந்த அதே ஆண்டுகளில்தான் ஜப்பான் எழுந்தது. நாகானோ மாநிலத்தின் மாட்சுமோட்டோ நகரில் ஃபுஜிஜென், மாட்சுமோகு என்ற ஆலைகள் எத்தனையோ வணிகப் பெயர்களுக்குக் கிட்டார் செய்து கொடுத்தன. 1977இல் கிப்சனின் தாய் நிறுவனம் ஐபனேஸ் என்ற ஜப்பான் வணிகப் பெயரின் அமெரிக்க விநியோகஸ்தர் மீது தலைப்பகுதியின் வடிவத்துக்காக வழக்குப் போட்டது, 1978இல் சமரசமாயிற்று. அந்த ஒரு வழக்கை வைத்துக்கொண்டு, 1970களின் ஜப்பான் கிட்டார் எல்லாவற்றையும் "வழக்குக் காலத்துக் கிட்டார்" என்று சொல்லி விலையை ஏற்றுகிறார்கள். உங்கள் கடைக்காரரும் அதைச் சொன்னால் வியப்பில்லை. உண்மை என்னவென்றால், அந்தப் பத்தாண்டின் முற்பாதியில் வந்த ஜப்பான் நகல்களில் பெரும்பாலானவை வெளித்தோற்றத்துக்கு மட்டுமே லெஸ் பால். கழுத்தை ஒட்டாமல் திருகியிருப்பார்கள். மேல் வளைவு பிளைவுட்டை அழுத்தி எடுத்தது, அடியில் வெற்றிடம். ஹம்பக்கர் அளவு மூடிக்குள் ஒற்றைச் சுருள் பிக்கப் ஒளிந்திருக்கும். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அதே ஊர்க்காரர்கள் மூல நிறுவனங்களையே அஞ்சவைக்கும் அளவுக்குத் தேறிவிட்டார்கள். அவர்களோடு போட்டியிட முடியாமல்தான் ஃபெண்டர் 1982இல் ஃபுஜிஜென்னிடமே வேலையைக் கொடுத்து ஃபெண்டர் ஜப்பானைத் தொடங்கியது. 1982 முதல் 1984 வரை ஜே.வி. என்று தொடங்கும் எண்ணோடு, ஃபெண்டரின் மலிவு வணிகப் பெயரான ஸ்குவையரில் வந்த கிட்டார்கள் இன்றும் தேடி வாங்கத் தக்கவை. ஒரே நாடு, ஒரே ஊர். பத்தே ஆண்டில் இவ்வளவு வேறுபாடு. "ஜப்பானில் செய்தது" என்ற முத்திரை மட்டும் எதையும் சொல்வதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அதன் பிறகு எல்லாவற்றையும் மாற்றியது கணினி வழி இயங்கும் கடைசல் இயந்திரம். கழுத்துப் பள்ளம், விரல்பலகையின் குறுக்கே ஃப்ரெட் என்னும் உலோகக் கம்பிகளைப் பதிக்கும் கோடுகள், திருகுத் துளை எல்லாம் ஒவ்வொரு கிட்டாரிலும் ஒரே அளவில் விழத் தொடங்கின. ஆலையின் மிகச் சிறந்த கிட்டாருக்கும் மிக மோசமான கிட்டாருக்கும் இருந்த தொலைவு சுருங்கிவிட்டது. 1985இல் சி.பி.எஸ். ஃபெண்டரை அதன் நிர்வாகிகள் குழுவிடமே விற்றது. 1987இல் அமெரிக்கன் ஸ்டாண்டர்ட் என்ற மாடல் வந்தது. அதே ஆண்டில் எல்லை தாண்டி மெக்சிகோவின் என்செனாடாவில் ஓர் ஆலை எழுந்தது. இன்று இந்தோனேசியாவில் செய்யும் யமஹா பசிஃபிகா போன்றவற்றின் கழுத்துப் பொருத்தத்தை 1979இன் கழுத்துப் பொருத்தத்தோடு ஒப்பிட்டால் புதியதுதான் நேர்த்தி. இதைச் சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.

இப்போது உங்கள் அம்மானுடைய கிட்டார். எம்.என். என்பது மெக்சிகோ, தொண்ணூறுகள். அடுத்த எண் 5 என்பதால் 1995. ஓராண்டு முன்பின் இருக்கலாம், ஏனென்றால் அச்சிட்ட ஒட்டுகள் மிஞ்சினால் அடுத்த ஆண்டும் ஒட்டிவிடுவார்கள். அந்த ஆண்டுகளின் மெக்சிகோ ஸ்டாண்டர்ட் கிட்டாரில் எதைச் சிக்கனப்படுத்தினார்கள் என்பது தெரிந்ததே. உடல் பெரும்பாலும் பாப்ளர் மரத் துண்டுகளை ஒட்டியது. ஒட்டு தெரியாமலிருக்க முன்னும் பின்னும் மெல்லிய மரத்தோல் போர்த்தியிருப்பார்கள். பிக்கப்களில் பலவும் அடியில் செராமிக் காந்தம் ஒட்டியவை, கொஞ்சம் கரகரப்பான ஒலி. தந்திகளை உடலின் மேல் தாங்கும் பிரிட்ஜ் மலிவான வார்ப்பு. ஆனால் கழுத்தில் அவர்கள் கஞ்சத்தனம் செய்யவில்லை, அது நல்ல மேப்பிள். பிக்கப்பையும் பிரிட்ஜையும் பின்னால் மாற்றிக்கொள்ளலாம், கழுத்தை மாற்றினால் கிட்டாரே மாறிவிடும். ஆகவே, சிக்கனம் செய்யத் தக்க இடத்தில் சிக்கனம் செய்த கிட்டார் அது என்பேன். விரல்பலகை பழுப்பு நிறமாக இருந்தால் அது பெரும்பாலும் இந்திய ரோஸ்வுட், அதாவது நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம். தோதகத்தி என்றும் சொல்வோம். பிரேசில் ரோஸ்வுட் அருகிய பின் அறுபதுகளின் நடுவிலிருந்து அமெரிக்க ஆலைகள் நம் காட்டு மரத்துக்குத்தான் வந்தன. உங்கள் வீட்டுப் பழைய மேசை ஏதாவது ஈட்டியில் இருந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

எண் தலையில் இருக்கிறது, தலை கழுத்தின் பகுதி. கழுத்தைக் கழற்றி வேறு உடலில் மாட்டலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். அம்மான் ஒப்புக்கொண்டால் தந்திகளைத் தளர்த்திவிட்டு நான்கு திருகுகளைக் கழற்றி, கழுத்தின் அடிப்பகுதியில் தேதி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் இது கடைசி வேலை. கழற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது.

முதலில் பெட்டி. நம் ஊரில் பூட்டியே கிடந்து கல்யாணத்துக்கும் காரியத்துக்கும் மட்டும் திறக்கும் வீடுகளை நீங்கள் அறிவீர்கள். இரண்டாம் கட்டு அறையில் பத்தாண்டு கிடந்த பெட்டியில் பூஞ்சை இருக்கும். கரையான் மண் ஒட்டியிருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பிறகு கிட்டாரை வாசிக்காமல், துப்பாக்கியைக் குறிபார்ப்பதுபோலத் தலையிலிருந்து உடல் நோக்கிக் கழுத்தின் இரு ஓரங்களையும் பாருங்கள். இரண்டு கோடும் ஒன்றுபோல லேசாகக் குழிந்திருக்க வேண்டும். ஒன்று நேராகவும் மற்றது வளைந்தும் போனால் கழுத்து முறுக்கியிருக்கிறது. முறுக்கிய கழுத்துக்கு மருந்து இல்லை. அடுத்து, தடித்த தந்தியை முதல் ஃப்ரெட்டிலும் பதினேழாவது ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். ஏழாவது, எட்டாவது ஃப்ரெட்டுக்கும் தந்திக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு உரசிக்கொண்டு நுழையும் அளவு, கால் மில்லிமீட்டர் போல, இடைவெளி இருப்பது நல்லது.

கூடுதலாக இருந்தால் உள்ளே ஓடும் இரும்புக் கம்பியான ட்ரஸ் ராடை முடுக்கிச் சரிசெய்யலாம், அந்தக் கம்பிக்கு இன்னும் இடம் இருந்தால். இங்கே நான் பட்ட பாட்டைச் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் சென்னையில் ஒருவரிடம் இரவு நேரத்தில், ஒலியை மட்டும் கேட்டுவிட்டு ஒரு கிட்டாரை வாங்கினேன். தந்திகள் உயரமாக இருந்தன. "ஒரு திருகு திருகினால் இறங்கிவிடும்" என்றார். பஸ்ஸில் காரைக்குடி வந்து சேர்ந்து, காலை வெளிச்சத்தில் சாவியைப் போட்டால் திருகு ஏற்கெனவே கடைசிவரை ஏறி இறுகிப்போயிருந்தது. கொடுத்த பணத்தில் பாதிக்கு மேல் அந்தக் கழுத்துக்கே மறுபடி போனது. அதனால் சொல்கிறேன்: விற்பவர் முன்னிலையிலேயே, அவர் சம்மதத்தோடு, கால் சுற்று தளர்த்தி, கால் சுற்று முடுக்கிப் பாருங்கள். கம்பி அசைந்து கழுத்து பதில் சொல்ல வேண்டும். அமெரிக்க, மெக்சிகோ ஃபெண்டருக்கு அங்குல அளவு ஆலன் கீ வேண்டும். மில்லிமீட்டர் சாவியைச் செருகித் திருகினால் உள்முனை தேய்ந்து கம்பியே பயனற்றுப் போகும். ஜப்பான் கிட்டாருக்கு மில்லிமீட்டர் சாவி.

ஃப்ரெட்டுகளைப் பற்றிச் சொல்லும்போது வீணை நினைவுக்கு வராமல் இருக்காது. காரைக்குடி பாணி என்று வீணைக்கே ஊர்ப்பெயர் தந்த மண் இது. வீணையின் மெட்டுகள் மெழுகில் உட்கார்ந்திருக்கின்றன. சுருதி விலகினால் மெழுகை இளக்கி மேளம் கட்டிவிடுகிறார்கள், வாத்தியம் புதிதாகிவிடுகிறது. கிட்டாரின் ஃப்ரெட்டுகள் மரத்தில் அறைந்தவை. தந்தி உரசி உரசி முதல் ஐந்து ஃப்ரெட்டுகளில் பள்ளம் விழும். பள்ளம் ஆழமில்லை என்றால் ஒருமுறை சமன்செய்யலாம், ஆழமென்றால் எல்லாவற்றையும் பிடுங்கிப் புதிதாக அடிக்க வேண்டும். அம்மானுடைய மாடலில் 21 ஃப்ரெட்டுகள். நகத்தால் வருடிப் பாருங்கள். பழைய ஏடிஎம் அட்டையின் ஓரத்தை அடுத்தடுத்த மூன்று ஃப்ரெட்டுகளின் மேல் நிறுத்துங்கள். அட்டை ஆடினால் நடுவில் உள்ளது உயர்ந்திருக்கிறது. ஒவ்வொரு தந்தியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் ஒருமுறை தட்டிக் கேட்க பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடத்தை யார் அவசரப்படுத்தினாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

மின்பாகங்களைக் கண்டு பயப்பட வேண்டாம். குமிழைத் திருப்பும்போது கரகரவென்று சத்தம் வந்தால் தூசிதான், கான்டாக்ட் கிளீனர் அடித்தால் போய்விடும். கேபிளைச் செருகி, வால்யூமை முழுக்கத் திறந்து, மறுமுனையில் மல்டிமீட்டரை வைத்தால் ஒவ்வொரு பிக்கப்பும் ஐந்தரை முதல் ஏழு கிலோ ஓம் போலக் காட்டும். ஸ்விட்சை இரண்டு பிக்கப்பும் சேரும் இடத்தில் வைத்தால் அளவு ஏறக்குறையப் பாதியாகும். மீட்டர் எதுவுமே காட்டாவிட்டால் சுருள் அறுந்திருக்கலாம். ஆம்ப்ளிஃபையரில் இணைத்தபின், தந்தியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் கிட்டாரின் எர்த் இணைப்பு சரியாக இருக்கிறது என்று கொள்ளுங்கள். ஆனால் தந்தியைத் தொட்டதும் சுரீர் என்றால் உடனே பிளக்கைப் பிடுங்குங்கள். அது ஆம்ப்ளிஃபையரிலோ வீட்டு வயரிங்கிலோ உள்ள குறை. பழைய வீடுகளில் எர்த் இல்லாத இரண்டு துளை பிளக்குகள் இன்னும் இருக்கின்றன, திருவிழாப் பந்தலில் கேட்கவே வேண்டாம். தந்திகள் எர்த்தோடு இணைந்தவை, வாசிப்பவரின் கை எப்போதும் அவற்றின் மேல் இருக்கிறது. மேடை ஏறுமுன் டெஸ்டரை வைத்துப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

விலைக்கு வருகிறேன். சொந்தக்காரரிடம் பேரம் பேசக் கூச்சமாக இருக்கும். குறை சொல்லிக் குறைப்பதைவிட, செலவைச் சொல்லிக் கேளுங்கள். ஃப்ரெட்டுகளில் பள்ளம் இருந்தால் மதுரையிலோ சென்னையிலோ வேலை தெரிந்தவரிடம் முன்கூட்டியே கூலியைக் கேட்டு வைத்துக்கொண்டு, "அம்மான், இதற்கு இவ்வளவு ஆகும், அதைக் கழித்துக்கொண்டு தருகிறேன்" என்று சொல்லலாம். அதில் யாருக்கும் மனத்தாங்கல் வராது. கழுத்தும் ஃப்ரெட்டும் நன்றாக இருந்தால் 40,000 எனக்கு அதிகமாகத் தோன்றவில்லை. கழுத்து முறுக்கியிருந்தாலோ ட்ரஸ் ராட் இறுகிப்போயிருந்தாலோ, பத்தாயிரத்துக்குத் தந்தாலும் வேண்டாம். உறவுக்காக வாங்கிவிட்டு ஆயுள் முழுக்க வருந்தாதீர்கள்.

முனீஸ்வரன் கோவில் தெருக் கிட்டாரைப் பார்க்கப் போனால் ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவர் எடுத்துப் போங்கள். ஒரு பிக்கப்பைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தால் பிளைவுட் அடுக்குகள் தெரிந்துவிடும். கடைக்காரர் அதற்கு விடவில்லை என்றால், 18,000 என்பது சுவரில் மாட்டும் அழகுக்கான விலை. அதை வாங்க வெளிநாட்டுப் பயணிகள் வருவார்கள், நீங்கள் நகர்ந்துவிடுங்கள். திடமான மரமும் ஒட்டிய கழுத்துமாக இருந்தால் எழுபதுகளின் கடைசியில் செய்ததாக இருக்கலாம். அப்படியென்றால் எனக்குச் சொல்லுங்கள், நானே வந்து பார்க்கிறேன்.

இன்னொன்று, அம்மானிடம் பினாங்கில் வாங்கிய ஆம்ப்ளிஃபையரும் இருக்கிறதா என்று கேளுங்கள். மலேசிய மின்சாரம் 230–240 வோல்ட், நம்முடையது 230. பிளக் முனையை மட்டும் மாற்றினால் இங்கே நன்றாக ஓடும். ஜப்பானிலிருந்து வந்தது என்றால் 100 வோல்ட், அமெரிக்காவிலிருந்து என்றால் 120. அவற்றைப் பொருத்தமான ட்ரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நேராகச் செருகினால் அங்கேயே புகைந்துவிடும். வாங்கிக்கொண்டு வரும்போது கிட்டாரை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். கையோடு உள்ளே எடுத்துச் செல்லுங்கள்.